உபயம்: ஆறு கப்பல்கள்

சென்ற மாதம் திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிகளில் இரண்டு இளைஞர்கள் ஏதோ விளையாட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். கைபேசியில் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற விளையாட்டு என்று பேச்சிலிருந்து தெரிந்தது. நாம் ஓட்டுவதற்கு இருக்கிற கப்பல்கள் போதாது, இன்னும் நிறைய வேண்டும் என்றான் ஒருவன். அடுத்த மாதம் புதிதாக நான்கு விடப்போகிறார்களாம் என்று மற்றவன் அவனைச் சமாதானப்படுத்தினான். என் கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்துகொண்டது.

"ஒண்ணு போதும்," என்றேன்.

"தாத்தா, நீங்களும் வெளையாடுவியளா?" என்று கேட்டுவிட்டு இருவரும் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் எனக்குக் கடுமையான கோபம் வந்தது. அது அவர்கள்மேல் வந்த கோபம் இல்லை என்று வீட்டுக்கு வருகிற பஸ்ஸில்தான் புரிந்தது. முப்பது வருடங்களுக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. இப்போது எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. சங்கரன்கோவிலில், ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் கமிட்டியாக இருந்து நடத்திய ஒரு பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். அரசுத் திட்டத்தில் எங்களுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆய்வுக்கூடத்தின் பின்னால் உடைந்த தராசும் பழைய வரைபடங்களும் கிடந்த அறையைக் காலி செய்து அவற்றை வைத்தோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விசைப்பலகைக்குச் சந்தனம் வைத்து, அது ஒரு விசையின் இடுக்கில் காய்ந்து, அந்த எழுத்து மட்டும் எப்போதும் அழுத்தி அழுத்தித்தான் விழும்.

அந்த அறைக்கு வேண்டியதையெல்லாம் கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். விசைத்தறி வைத்திருந்தவர் டியூப் லைட் கொடுத்தார். அரிசி ஆலைக்காரர் மின்விசிறி. ஜவுளிக்கடை வைத்திருந்த தாளாளர் ஜன்னல் திரை. எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு பொருள் கொடுத்தால் அதில் 'உபயம்' என்று போட்டுக் கொடுத்தவர் பெயரை எழுதுவது வழக்கம். அதே வழக்கம் இந்த அறைக்குள்ளும் வந்தது. டியூப் லைட்டில் தறிக்காரரின் பெயர், தந்தை பெயர், தொழில், தெரு எல்லாம் சிவப்பு எழுத்தில் பட்டையாக எழுதப்பட்டிருந்ததால் வெளிச்சம் பாதிதான் கீழே இறங்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஆலைக்காரர் பெயர் இருந்தது. ஓடாதபோது மட்டுமே வாசிக்க முடியும் என்பதால், அவர் வருகிற அன்று அதை நிறுத்தி வைப்போம். அன்று இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வோம். இன்று எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்களை உண்மையில் இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். கணக்கு டீச்சர். தற்காலிக வேலை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கிறிஸ்தவ உபதேசியார் ஒருவரின் மகள். அப்பாவின் சம்பளத்தில் நான்கு பிள்ளைகள் படித்த வீடு. மதுரையில் நடந்த பயிற்சிக்கு எங்கள் இருவரையும்தான் அனுப்பினார்கள். நான் அங்கே சாப்பாடு எப்படி என்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் கற்றுக்கொண்டு வந்தார். அந்த வருட ஆண்டு விழா முடிந்ததும் அவரை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்வதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. அவர் வீட்டில் அதை நம்பியிருந்தார்கள்.

கோடை விடுமுறையில் அவர் ஒரு விளையாட்டு எழுதினார். திரையில் கீழே பூமி, மேலே நிலவு, நடுவே ஒரு சின்னக் கப்பல். நான்கு கோடுகளும் ஒரு முக்கோணமும்தான் அந்தக் கப்பல். பூமியிலிருந்து கிளப்பி, இருக்கிற எரிபொருளுக்குள் நிலவில் மெதுவாக இறக்க வேண்டும். பூமியின் இழுப்பு, நிலவின் இழுப்பு, எரிபொருள் குறையக் குறையக் கப்பலின் எடை குறைவது எல்லாம் கணக்காக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வேகமாகப் போய் விழுந்தால் திரை அணைந்துவிடும். இன்னொரு கப்பல் கிடையாது. எழுந்து வெளியே வந்து, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மறுபடியும் உட்காரலாம்.

"ரெண்டாவதா ஒரு கப்பல் குடுத்தா என்ன டீச்சர்? பிள்ளைக பாவம்லா," என்று நான் கேட்டேன்.

"இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கணக்குப் போட மாட்டாங்க சார். விழுந்தா விழட்டும்னு விட்டுருவாங்க," என்றார்.

அது எவ்வளவு சரி என்பதை நானே பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அதில் விழுந்து கிடந்தார்கள். ஒருத்தி விசையில் கை வைத்திருப்பாள். ஒருத்தி உயரத்தை வாசிப்பாள். ஒருத்தி பக்கத்தில் நின்று நோட்டில் வகுத்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் பின்னால் நின்று கத்துவார்கள்.

"ஏட்டி, இப்ப அமுக்காத. இன்னும் நூறு மீட்டர் கெடக்கு."

"நூறு இருக்கும்போதே அமுக்கணும்ட்டி. நேத்து நீ இப்படித்தான் கொண்டுபோய்ச் சொருகுன."

"நேத்து உள்ள கதைய இன்னைக்கு எதுக்கு எடுக்க? வகுத்துச் சொல்லு முதல்ல."

இருபது வருடம் நியூட்டனின் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ஒரு வகுத்தலுக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டு அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆண்டு விழாவுக்கு மாவட்டக் கல்வி அதிகாரி வருவதாக முடிவானது. அதற்கு மூன்று வாரம் முன்பு கமிட்டிக்காரர்கள் அறையைப் பார்க்க வந்தார்கள். டீச்சர் கப்பலை ஓட்டிக் காட்டினார். பஞ்சுப் பொதியில் இறங்குகிற மாதிரி அது நிலவில் இறங்கியது.

"மத்த ராக்கெட்டெல்லாம் எங்க?" என்று கேட்டார் ஆலைக்காரர்.

"ஒண்ணுதான் சார்," என்றார் டீச்சர்.

"ஒத்த ராக்கெட்டா? அம்புட்டு பெரிய ஆகாசத்துல அது ஒத்தையில போறதப் பாத்தா பாவமா இருக்கே."

"தொணைக்கு நீரு போவுமேவே," என்றார் தறிக்காரர்.

"நான் ஏறுனா அது தரையில இருந்து எந்திரிக்காதுவே."

எல்லாரும் சிரித்தார்கள். தாளாளர் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "சார்வாள், அதிகாரி வாராரு. ஒண்ணே ஒண்ணக் காட்டுனா என்ன நெனைப்பாரு? ஆறு பேரு கமிட்டியில இருந்து ஒரு ராக்கெட்டுதான் விட முடிஞ்சுதான்னு கேக்க மாட்டாரா?"

தறிக்காரருக்கு அந்த எண்ணம் அங்கேதான் பிறந்தது. "அப்ப ஆளுக்கு ஒண்ணு போட்டுருங்க அண்ணாச்சி. டியூப் லைட்டுல எழுதுன மாதிரி அதுலயும் பேரு எழுதிரட்டும். யாரு யாரு ராக்கெட்டுன்னு தெரியணும்லா."

"அப்ப மொதல்ல யாருது?" என்றார் ஆலைக்காரர்.

"மொதல்ல தாளாளருது. பெறவு மண்டகப்படி வரிசையில வரட்டும்," என்றார் தறிக்காரர்.

மண்டகப்படி என்பது கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு தரப்பார் எடுத்து நடத்துகிற உரிமை. எந்த நாள் யாருக்கு என்பதில் தலைமுறை தலைமுறையாக மானம் இருக்கிறது.

"மண்டகப்படியில நீரு மூணாம் நாளு, நான் ஏழாம் நாளு. அது கோயிலுக்குள்ளவே. இங்கன ஃபேன் குடுத்தது நானு. லைட்டு இல்லாம இருந்துக்கிடலாம், காத்து இல்லாம இருந்துருவீரா?"

"ஃபேன் ஓடுனா உம்ம பேரு தெரியாது. லைட்டு எரிஞ்சா எம்பேரு தெரியும். அதப் பாரும்."

கப்பலைப் பார்த்ததைவிட வரிசையைப் பற்றிப் பேசியதுதான் அதிக நேரம். நிலவு திரையில் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. டீச்சர் ஒரே ஒரு தடவை, "சார், எந்தக் கப்பல்ல போனாலும் உள்ள ஓடுறது ஒரே கணக்குதான். பேரு மட்டுந்தான் வேற," என்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. தாளாளர் என்னைப் பார்த்தார்.

"என்ன சார்வாள், முடியுமா?"

"செஞ்சிரலாம்," என்றேன்.

இதற்குக் காரணம் ஒன்றுதான். தலைமையாசிரியர் அந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அடுத்தவன் நான். என் பெயரைக் கமிட்டி பரிந்துரைக்க வேண்டும். அந்த நாற்காலிக்காக, எனக்கு எழுதவே தெரியாத ஒரு விளையாட்டை, எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் கண் முன்னாலேயே தூக்கிக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு டீச்சர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் மிகச் சிறியது. படம் காட்டுகிற திரைக்கே அதில் பாதிக்குமேல் போய்விடும். மிச்சத்தில்தான் கணக்கு இருக்க வேண்டும். அதை அவர் ஒவ்வொரு எழுத்தாகக் குறுக்கி உள்ளே அடக்கியிருந்தார்.

"ஆறு கப்பல், ஆறு விதமா வரையணும், பேரு, இனிஷியல், பட்டம் எல்லாம் வரணும்னா எடம் கெடையாது சார். ஒண்ணு கப்பல் இருக்கும், இல்லாட்டி கணக்கு இருக்கும்."

"கொஞ்சம் நெருக்கிப் போட்டுப் பாருங்க டீச்சர்."

"நெருக்குததுக்கு இனி ஒண்ணுமில்ல சார். வேணும்னா நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லுதேன்," என்றேன். சொல்லவில்லை. தாளாளர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் நடந்து போவேன்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று வாரமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அந்த அறையில் கழித்தார். ஆலைக்காரர் தன் கப்பல் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். தறிக்காரர் தன் பெயருக்குப் பின்னால் இருந்த கௌரவப் பதவி விட்டுப்போனதாக வருத்தப்பட்டார். விழாவுக்கு முந்தின நாள் ஆறு கப்பலும் ஆறு பெயரும் திரையில் வந்தன. கிளப்பினால் பாதி வழியில், இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு எல்லாம் நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலையில சீக்கிரமா வாரேன் சார். ஒரு வழி தோணுது," என்று சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போனார். அறைச் சாவி அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

நான் காலை வரை பொறுக்கவில்லை. சாவியைப் போட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்ணை மட்டும் அடித்தால் அந்த வரி அழியும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். எரிபொருள் வரிகளை அழித்தேன். இழுப்பு வரிகளை அழித்தேன். இறங்கும்போது வேகம் சரியா என்று பார்க்கிற வரிகளை அழித்தேன். ஓட்டினேன். ஆறு கப்பலும் பெயரோடு வந்தன. எந்த விசையைத் தட்டினாலும் கிளம்பி நேராக நிலவுப் பக்கம் போயின. அவ்வளவு போதும், அதிகாரி ஒரு நிமிடம் பார்ப்பார், அதற்குள் அணைத்துவிட்டு மேடைக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எழுதியதைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். மேஜைமேல் இருந்த கேசட்டை எடுத்து அதிலேயே பதிந்தேன். அது டீச்சரின் கேசட். பழைய விளையாட்டு அதில் மட்டுமே இருந்தது. பீரோவில் புதிய கேசட்டுகள் இருந்தன. பீரோவைத் திறக்க எழுந்திருக்க வேண்டும்.

காலையில் டீச்சர் வருவதற்குள் தாளாளர் வந்துவிட்டார், அறைக்கு மாவிலை கட்ட வேண்டும் என்று. அதிகாரியும் நேரத்துக்கு முன்பே வந்தார். டீச்சர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது ஆறு கப்பலும் திரையில் நின்றன. அவர் ஒரு தடவை திரையைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே போனவர் என்பது எனக்குத் தெரியாது.

கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் தன் பெயரை வாசித்துக் காட்டினார்கள். அதிகாரி மரியாதைக்காகப் பெரிதாக இருந்த கப்பலையே எடுத்தார். ஆலைக்காரரின் கப்பல் கிளம்பியது.

"எரிபொருள் எவ்வளவுன்னு எங்க காட்டும்?" என்று கேட்டார் அதிகாரி.

ஆலைக்காரர் திரையில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"இறங்கும்போது வேகத்த எப்படிக் கொறைக்கிறது?"

அதற்குள் கப்பல் நிலவுக்கு வந்துவிட்டது. நிற்கவில்லை. ஊசி துணியில் நுழைகிற மாதிரி நிலவுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, பெயரோடும் பட்டத்தோடும் திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. அதிகாரி இன்னொன்றை எடுத்தார். தறிக்காரரின் கப்பலும் அப்படியே போனது. வெளியே ஜன்னலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளே நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிரிக்கவில்லை.

"ஆறு கப்பல் இருக்கு, ஒண்ணுக்கும் இறங்கத் தெரியலியே. யார் எழுதினது இத?"

தாளாளர் டீச்சரைப் பார்த்தார். ஆலைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. நான் வாயைத் திறக்கப்போகிறேன் என்று காத்திருந்தார். அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஆமாம், நான் வாயைத் திறந்தேன்.

"டீச்சர் புதுசு சார். போகப் போகக் கத்துக்கிடுவாங்க," என்றேன்.

அழித்தது நான் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். சாவி இரண்டே இரண்டு. பழைய கப்பல் எப்படி இறங்கியது என்பதற்குப் பிள்ளைகளே சாட்சி. அவரோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாணவிகளை வரிசையாக மேடைப் பக்கம் கூட்டிப்போனார், அன்று அது அவருடைய பொறுப்பு என்பதால்.

கமிட்டி கூடியது. கமிட்டியை அதிகாரி முன்னால் தலைகுனிய வைத்த டீச்சருக்கு வேலை நீட்டிப்பு இல்லை என்று முடிவு செய்தார்கள். கப்பல் கேட்டவர்கள் அவர்கள், வரிசைக்குச் சண்டை போட்டவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கப்பல் என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை. நான் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். அடுத்த மாதம் நான் தலைமையாசிரியர்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க டீச்சர் வந்தார். ஆய்வுக்கூடத்து மேஜைமேல் வைத்தார்.

"பழசு அந்தக் கேசட்டுல இருக்கா சார்?"

"இல்ல டீச்சர். மேல பதிஞ்சுட்டேன்."

"சரி சார்."

வாசல்வரை போனவர் நின்றார். "காலையில வந்து பண்ணணும்னு நெனச்சது இதுதான் சார். பேர மட்டும் எடுத்துட்டா எடம் கெடைச்சிருக்கும். ஆறு கப்பலும் எறங்கியிருக்கும்."

பெயரை எடுப்பது. அது எனக்குத் தோன்றவே இல்லை. நிலவின் இழுப்பை அழிக்கத் தோன்றியது. நான் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய பாடத்தையே அழிக்கத் தோன்றியது. ஆறு ஆட்களின் இனிஷியலில் கை வைக்க மனம் போகவில்லை. எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எனக்குள் யார் எழுதி வைத்தது என்று கமிட்டியைத் திட்டிப் பார்த்திருக்கிறேன், ஊரைத் திட்டிப் பார்த்திருக்கிறேன். விசையில் இருந்தது என் விரல்.

பள்ளி திறந்ததும் அந்தப் பெண்கள் மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். "சார், பழைய கப்பலப் போட்டுத் தாங்க," என்றார்கள். ஆறு இருக்கிறதே, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அதுல ஒண்ணுஞ் செய்யதுக்கு இல்ல சார். சும்மா பாத்துட்டு இருக்கணும்," என்றாள் நோட்டில் வகுத்துக்கொண்டிருந்த பெண். நான் அவளை அதட்டி வகுப்புக்கு அனுப்பினேன். சில மாதங்களில் கம்ப்யூட்டர்களுக்குத் துணி உறை தைத்துப் போட்டோம். உறையிலும் ஒரு பெயர் இருந்தது.

டீச்சர் தெற்கே ஏதோ ஊரில் டியூஷன் எடுப்பதாக ஒரு முறை கேள்விப்பட்டேன். விசாரித்துப் போகவில்லை. போயிருக்கலாம்.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. இப்போதைய தலைமையாசிரியர். புதிதாகக் கம்ப்யூட்டர் கூடம் கட்டுகிறார்களாம். பழைய தலைமையாசிரியர்கள் நன்கொடையாக ஏதாவது செய்ய வேண்டுமாம். வாசல் கல்வெட்டில் என் பெயர் வருமாம்.

நான் டீச்சரின் பெயரைச் சொல்லி அதைப் போடச் சொன்னேன்.

"அவங்க யாரு சார்?"

இங்கே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேசட்டில் பதிந்ததையும், அதிகாரி முன்னால் சொன்னதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் காலத்து வெளையாட்டுதான சார். இதுக்குப் போயி இவ்வளவு வருத்தப்படுதிய," என்றார். பிறகு, "ரிஜிஸ்டர்ல பாத்தேன்னா அவங்க பேரு இருக்காது சார். டெம்பரரி. கமிட்டியில கேப்பாங்க. உங்க பேரையே போட்டுருவோமே."

"எம்பேரு வேண்டாம்."

"பேரில்லாம எப்படி சார், கல்லுல அந்த எடம் மட்டும் காலியாக் கெடக்குமே."

"கெடக்கட்டும்," என்றேன்.

சரி சார், கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.